சத்தம் வராத வண்டி

அந்த மெக்கானிக்கின் சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் அவருடைய மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். ஊருக்கெல்லாம் அவர் ‘பட்டு’. அவர் கை வைத்த வண்டி பட்டுத்துணி உரசுகிற மாதிரி ஓடும் என்று எப்போதோ ஒரு வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போனார். மனிதர் மறுநாளே பலகை எழுதச் சொல்லி, ‘பட்டு ஒர்க்ஸ்’ என்று கடை வாசலில் மாட்டிவிட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்த ஒரே கெட்ட பழக்கம் பொறாமை. அதையும் கண்டவர் மேலெல்லாம் வீணாக்கமாட்டார். அத்தனையும் ஒரே ஆளுக்கு. அந்த ஆள் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன்.

சகலையும் மெக்கானிக்தான். உலகத்தில் எத்தனையோ தெரு இருக்க, இரண்டு வருஷத்துக்கு முன் பட்டுவின் கடைக்கு நேர் எதிரே வந்து கடை போட்டான். நேரில் பார்த்தால் “வாங்க, உக்காருங்க” என்று பட்டு மரியாதையாகத்தான் பேசுவார். மனதுக்குள் எப்போதும் ‘அவன்’தான். நாமும் அப்படியே சொல்லிக்கொண்டு போவோம்.

அவன் செய்வது எதுவுமே பட்டுவுக்குப் பொறுக்காது. ஒரு வண்டியை முடித்து அடுத்ததைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவான். ஒவ்வொரு வண்டிக்கும் என்ன செய்தான் என்று நோட்டில் எழுதி வைப்பான். எல்லாவற்றையும் விட எரிச்சல், அவன் சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும் ஃபில்லர் கேஜ். காகிதம் போல மெல்லிசான எஃகுத் தகடுகள், சிறிய விசிறியாக விரியும். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது உள்ளே காற்றை விட்டு அடைக்கிற வால்வின் நுனிக்கும் அதை அமுக்குகிற டேப்பெட்டுக்கும் நடுவே ஒரு தகட்டை நுழைத்து, இத்தனை இடைவெளி என்று அளந்து வைப்பான். அந்த இடைவெளி இருப்பதால் அவன் கடையிலிருந்து போகிற வண்டியெல்லாம் ‘டிக் டிக்’ என்று மெல்லத் தட்டிக்கொண்டே போகும்.

“அது வண்டியா, தையல் மிஷினா?” என்பார் பட்டு, டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.

பட்டு தகடு வைத்து அளப்பதில்லை. இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்து, காதைக் கிட்டே வைத்து, அந்த ‘டிக்’ சாகிறவரை ஸ்குரூவைத் திருகுவார். எதிரே தையல் மிஷின் வந்த நாளிலிருந்து இன்னும் ஒரு மயிரிழை கூடுதலாகத் திருகினார். அவன் வண்டி தட்டுகிறதென்றால் தன் வண்டி மூச்சே விடக்கூடாது. வீம்புதான், வேறென்ன? கொழுந்தியாள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், “எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் அளந்துதான் செய்வாரு மாமா” என்பாள். அன்றைக்குச் சாப்பாடு பட்டுவுக்குத் தொண்டையில் இறங்காது.

இப்படி இருக்கையில்தான் நர்ஸின் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது.

கார் போகாத மலைப்பாதையில் ஏறி, மேலே சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோகிற நர்ஸ் அவர். வண்டி சின்ன இன்ஜின் வண்டி. உயரமான உடம்பு, கட்டை கட்டையான டயர், கல்லிலும் சேற்றிலும் ஏறிப் போகும். வாங்கிய நாளிலிருந்து பட்டுதான் பார்க்கிறார். காலையில் ஒரே உதையில் கிளம்பும். அரைமணி நேரம் மலை ஏறியதும் இன்ஜின் கொதிக்கும், செருப்பைத் தாண்டிக் கால் சுடும், அப்புறம் பொசுக்கென்று நின்றுவிடும். எத்தனை உதைத்தாலும் கிளம்பாது. ஆறிப்போனால் எதுவும் நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

பட்டு இன்ஜினைச் சுற்றியிருந்த தகடு இடுக்குகளில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினார், காற்றுப் படாமல் சூடேறுகிறது என்று. ஆயிலை மாற்றினார். அடுத்த தடவை பிளக்கை மாற்றி, ஃபில்டரை அலசி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அதற்கடுத்த தடவை பெட்ரோல் டேங்க் மூடியின் துளையைக்கூட ஊதிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடை வாசலில் உதைத்தால் ஒரே உதை. சத்தமும் இல்லை. “பட்டு!” என்று தானே சொல்லிக்கொள்வார்.

நான்காவது தடவை நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். முகத்தில் தூசியும் வியர்வையும்.

“அண்ணே, மேல ஒரு பிரசவம். பாதி வழியில நின்னுடுச்சு. முக்கா மணி நேரம் பாறை மேல உக்காந்திருந்தேன். நான் போறதுக்குள்ள கொழந்த பொறந்துடுச்சு, ரெண்டு உயிரும் நல்லாருக்கு, அது அவங்க அதிர்ஷ்டம். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா எதிர்ல குடுத்துடுவேன். கோவிச்சுக்காதீங்க.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த ‘கோவிச்சுக்காதீங்க’தான் சுருக்கென்று தைத்தது. எதிர்க் கடைக்கு இருபதடி தூரம். அந்த இருபதடியையும் நர்ஸ் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். அப்புறம் பலகையில் ‘பட்டு’ என்று எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

“குடுங்க சிஸ்டர். இந்தத் தடவ நானே மேல ஏறிப் பாக்கறேன்” என்றார்.

அத்தனை வருஷத்தில் அந்தப் பாதையில் அவர் ஏறியதே இல்லை. மலையில் ஓடுகிற வண்டியைக் கடை வாசலில் சோதித்தே காலத்தை ஓட்டியிருந்தார். இரண்டாவது கியரைத் தாண்டவே முடியாத ஏற்றம். மூன்றாவது வளைவுக்குள் சூடு தொடையில் ஏறியது. ஐந்தாவது வளைவில் வண்டி நின்றது.

முதலில் அவருக்கு வந்த சந்தேகத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவன்தான் பெட்ரோலில் எதையோ கலந்துவிட்டான் என்று நினைத்தார். மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார். அப்புறம் கிக்கரை மிதித்தார். கால் வெறுமனே கீழே போனது. மறுபடி மிதித்தார். எந்த எதிர்ப்பும் இல்லை, காற்றை மிதிக்கிற மாதிரி.

பாறையில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து மிதித்துப் பார்த்தார். ஆற ஆறக் கிக்கருக்குக் கனம் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் காலைத் திருப்பித் தள்ளியது. ஒரே உதை, கிளம்பிவிட்டது. அவர் ஏறி ஓட்டவில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

முழங்காலுக்குப் புரிந்தது தலைக்கு ஏற அவ்வளவு நேரம் ஆயிற்று. இரும்பு சூடானால் நீளும். நீள்வதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் அவர் சத்தம் வரக்கூடாதென்று திருகித் திருகி ஒழித்திருந்தார். சூடு ஏறியதும் வால்வ் முழுதாக மூடுவதில்லை. மூடாத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்கவும் வழியில்லை, உள்ளே அழுத்தம் நிற்கவும் வழியில்லை. பிறகு எப்படிக் கிளம்பும்? தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே பட்டுவின் வினை நர்ஸின் காலைச் சுட்டிருந்தது.

மறுநாள் காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போது, டிராயரின் அடியில் துருப்பிடித்துக் கிடந்த தன் ஃபில்லர் கேஜைத் தேடி எடுத்தார். பெட்ரோலில் ஊறவைத்து, தகடு தகடாகத் துடைத்தார். மெல்லிசான தகடுகூட அந்த இடுக்கில் நுழையவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அளந்து வைத்து, உதைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

அவர் காதுக்கு அது எதிர்க் கடைக்காரன் சிரிக்கிற மாதிரியே கேட்டது.

மூன்று நாள் நர்ஸ் மலை ஏறி இறங்கினார். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. போகும்போதும் வரும்போதும் ஹாரன் அடித்துக் கையசைத்துவிட்டுப் போனார். பட்டு சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர்தான். ஆனால் டீக்கடைக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்: “என்ன பட்டு, நர்ஸம்மா வண்டிய உங்க சகலை பாத்தாரா? அவரு வண்டிச் சத்தமால்ல கேக்குது!”

‘நான்தான் சரி செய்தேன்’ என்றால், ‘கெடுத்தது யார்?’ என்று அடுத்த கேள்வி வரும். பட்டு டீயை மட்டும் குடித்துவிட்டு வந்தார். செய்தது தன் கை, பேர் அவனுக்கு. வயிறு பற்றி எரிந்தது. நர்ஸ் ஆயில் மாற்ற வரும்போது கொஞ்சமே கொஞ்சம் திருகிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தார். நினைத்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் மத்தியானம் சகலையே தெருவைக் கடந்து வந்தான்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“வீட்டுல தெனமும் ஒரே பேச்சு. மாமா கை வெச்ச வண்டி எப்படிப் போகுது, நீங்க பாத்த வண்டி ஏன் இப்படிக் கத்துதுன்னு. ரெண்டு வருஷமா உங்களப் பாத்து எனக்கு வயித்தெரிச்சல்ணே. மறைச்சு என்ன பண்றது?” அவன் தலையைச் சொறிந்தான். “போஸ்ட்மேன் வண்டி கடையில நிக்குது, நாளைக்கு மலை ஏறணும். டேப்பெட்ட டைட் வெச்சேன். சத்தமே இல்ல. ஆனா கேஜ் உள்ள போகல, பயமா இருக்கு. நீங்க எவ்வளவுண்ணே வெப்பீங்க?”

பட்டு அவனையே பார்த்தார். இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்குத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தார். ‘கேஜை எறிங்க, காதால வைங்க’ என்று நாலே வார்த்தை. நாளைக்குப் போஸ்ட்மேன் பாறையில் உட்கார்வார், ஒரு மாசத்தில் வண்டியெல்லாம் திரும்ப இந்தப் பக்கம் வந்துவிடும். அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அதைவிட வேறொன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அழுத்தியது. அவன் இரண்டு வருஷமாகப் பொறாமைப்பட்டதே, தான் செய்துகொண்டிருந்த தப்பைப் பார்த்து.

“டைட் வைக்காத” என்றார். ‘ங்க’ விட்டுப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. “ஓடிப் போயி லூஸ் பண்ணு. நர்ஸ் வண்டியக் கெடுத்ததே நான்தான். சத்தம் வரக்கூடாதுன்னு திருகித் திருகி, அந்தப் பொண்ண முக்கா மணி நேரம் பாறையில உக்கார வெச்சேன்.”

“அப்ப இப்ப டிக் டிக்னு போகுதே?”

“என் கைதான். கேஜ் வெச்சு அளந்தேன்.”

சகலை எதிர்ப்பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் போஸ்ட்மேன் வண்டி டிக் டிக் என்று தட்டியது.

மறுநாள் காலை நர்ஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனார். “சகலை வண்டி போகுது!” என்றார் டீக்கடைக்காரர், வழக்கம்போல.

“யோவ், அது என் கை!” என்று பட்டு கடையிலிருந்தே கத்தினார். “முன்னாடி சத்தம் வராம வெச்சிருந்தேன்ல, அதுதான் தப்பு. இனிமே என் வண்டியும் தட்டும், காதத் தீட்டி வெச்சுக்கோ!”

தெரு முழுக்கக் கேட்டது. சொன்னபிறகு, அவன் காதில் விழுந்ததா என்று எதிரே பார்த்தார். விழுந்திருந்தது. சோப்பு நுரைக் கையோடு நின்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பட்டுவும் சிரித்தார். நம்மைவிட அவனுக்குப் பல்வரிசை அழகாக இருக்கிறதே என்று உடனே கொஞ்சம் வயிறு எரியவும் செய்தது.