முனிக்கு நேர்ந்த போத்தல்

எங்கள் வீட்டுக் குசினியில் சாராயம் அளப்பது இருமல் மருந்துப் போத்தலின் மூடியால்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மூடியால் அளந்து நான் கலந்ததைக் குடித்து ஒரு காவல் தெய்வத்துக்கே மனசு குளிர்ந்திருக்கிறது. இனி யார் வந்து எனக்குச் சான்றிதழ் தர வேண்டும்?

ஊரே வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த ஊரடங்கு நாட்களில் பிடித்த பைத்தியம் இது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவள், கண்டி டவுனில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். யாரோ கொடுத்த சாராயப் போத்தல் ஒன்று அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசி வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் ‘ஓல்ட் ஃபேஷன்ட்’ என்ற காக்டெயில் செய்து காட்டினான். விஸ்கி, சீனி, கசப்புச் சொட்டு, தோடம்பழத் தோல். விஸ்கிக்கு எங்கே போவது? சாராயம் இருக்கிறது. சீனிக்குப் பதில் கித்துல் பனையின் பாணி. கசப்புக்கு என்ன செய்வது என்று குசினியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சளி பிடித்தால் கொத்தமல்லியோடு அவிக்கிற மரமஞ்சள் குச்சி டப்பாவில் கிடந்தது. நாக்கில் வைத்தால் ஏழு தலைமுறைக்கும் கசக்கும். அதைக் கறுவாவோடும் சாதிக்காயோடும் சாராயத்தில் ஊறப்போட்டேன். ஒரு வாரம் கழித்து இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி அவரிடம் நீட்டினேன்.

குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி குடித்தார்.

“இஞ்ச பாரும், இதென்னப்பா இது! தடிமன் மருந்தும் கலியாண வீடும் சேர்ந்த மாதிரிக் கிடக்கு!”

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. சந்தியில் அன்னாசித் துண்டுக்குத் தூவுகிற உப்பும் மிளகாய்த்தூளும் மார்கரிட்டா கிளாசின் விளிம்பில் ஏறின. விளாம்பழம், நெல்லி, கொழுந்துத் தேயிலை, கறிவேப்பிலை எல்லாம் ஜின்னுக்குள் குளித்து எழும்பின. முட்டை வெள்ளையைப் போட்டு ஜாம் போத்தலில் குலுக்கோ குலுக்கென்று குலுக்கி நுரை வரவைத்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் காலையில் வந்து, “இரவெல்லாம் தேங்காயா துருவினீங்க?” என்று கேட்டார்கள். தோல்வியும் உண்டு. மீனுக்குப் புளிப்புக்குப் போடுகிற கொறுக்காய் போட்டு ஒரு மார்ட்டினி செய்தேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “சோறு எங்க? இது மீன் குழம்பெல்லோ?” என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஆனால் இத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் நெஞ்சுக்குள் ஒரு முள். அம்மா.

அப்பா குடித்தே செத்தவர். சம்பள நாளில் லயத்து வாசலில் அம்மா நிற்கிற நிலை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. அவர் போன பிறகு அம்மா ஒரு சபதம் எடுத்தது: குடிக்கிற வீட்டுப் படியை மிதிப்பதில்லை. வெறும் வாய்ப்பேச்சில்லை. கூடப் பிறந்த தம்பி குடிக்கிறார் என்று அவர் வீட்டுப் பக்கம் வருஷக்கணக்காகப் போனதில்லை. அவர் மகளுடைய சடங்குக்குக்கூடப் போகாமல், சீலையை ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. எனக்கு மாப்பிள்ளை பேசியபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, “குடிப்பாரா?” என்பதுதான். அன்றைக்கு அவர் உண்மையிலேயே குடிக்காதவர். கெடுத்தது நான்.

அந்த அம்மா ஞாயிறுதோறும் இரண்டு பஸ் மாறி எங்களைப் பார்க்க வரும். வாரம் முழுக்க நான் காத்திருப்பது அதற்குத்தான். அம்மா வந்து கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்து, லயத்துக் கதை எல்லாம் கொட்டி, என் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் போனால்தான் எனக்கு வாரம் விடியும். தெரிந்துபோனால் அந்த ஞாயிறு போய்விடும். ஆகவே சனிக்கிழமை பின்னேரமே போத்தல்கள் எல்லாம் துணி துவைக்கிற மெஷினுக்குள் போய்விடும். அம்மாவுக்கு மெஷின் மேல் நம்பிக்கை கிடையாது, மூடியைத் திறந்தே பார்க்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த மரக்கறி லொறியில் ஏறி, விடிந்தும் விடியாமலும் வந்து நின்றது அம்மா. நான் கதவைத் திறந்தேன். மேசை நடுவில், மெஷினுக்குள் போடாமல் விட்ட ஒரு போத்தல். சாதாரணப் போத்தலா? கறுவா, ஏலம், காய்ந்த தோடம்பழத் தோல் எல்லாம் ஊறி, கித்துல் பாணி சேர்ந்து, தேன் நிறத்தில் மின்னுகிற என் தலைச்சன் பிள்ளை! கூட வேலை செய்கிற தோழியின் பிறந்தநாளுக்கென்று கழுத்தில் சிவப்பு நாடா வேறு கட்டி வைத்திருந்தேன். பல் விளக்கிக்கொண்டே வந்த கணவர், அம்மாவைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், வாய் நிறைய நுரையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபத்துக்கு உதவாத மனுஷன்!

“என்னாது இது?” என்றது அம்மா. குரல் அப்போதே மாறியிருந்தது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. அந்தச் சிவப்பு நாடாவைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லியது.

“முனிக்கு நேந்துகிட்டேம்மா.”

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. தொழிற்சாலைக்கு மேலே மரத்தடியில் எங்கள் முனி இருக்கிறார். கல்லும் வேலும்தான் உருவம். அவருக்குப் படையல் என்றால் சேவல், சுருட்டு, அவித்த முட்டை, ஒரு போத்தல் சாராயம். அப்பா குடித்ததற்காக உலகத்துச் சாராயத்தையெல்லாம் சபிக்கிற அம்மா, முனிக்கு மட்டும் வருஷம் தவறாமல் தன் கையாலேயே போத்தல் வாங்கிக் கொடுக்கும். சாமி கணக்கு வேறு, மனுஷன் கணக்கு வேறு.

“என்னா நேத்திக்கடன்?” கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டது.

“அவரு... கொறட்டை. கொறட்டை நிக்கணும்னு.”

குளியலறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அம்மாவோ என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டது. “டவுனுக்குப் போயி சாமிய மறந்துட்டேன்னு நெனச்சேனே ஆத்தா! நீ மறக்கல, மறக்கல!” வந்த கண்ணீரைப் பார்த்த பிறகு, பொய்யம்மா என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கே நாள் குறித்தாகிவிட்டது. சேவலுக்குச் சொல்லியாகிவிட்டது. லயம் முழுக்க, கட்டுகஸ்தோட்டை மாப்பிள்ளையின் குறட்டை பேச்சாகிவிட்டது.

“வேற சாராயத்த ஊத்திக் குடும். முனி என்ன ருசி பாத்தே குடிக்கிறார்?” என்றார் கணவர். குறட்டை விஷயத்தில் அவருக்குக் கோபம். எனக்கு அவர் பேச்சு ஏறவில்லை. இத்தனை நாள் என் கைவண்ணத்தைக் குடித்தது இவரும் தோழியும்தான். முதல்முறையாக வெளியாள் ஒருத்தர் குடிக்கப் போகிறார், அதுவும் சாமி! வெறும் சாராயமாகக் கொடுக்க மனசு வருமா? புளிப்பும் சேர்ந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று படையல் நாள் காலையில் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, பிழிந்து சேர்த்தேன். அந்த வாரம் பார்த்து மார்க்கட்டில் தேசிக்காய் கோலிக்குண்டு அளவில் காய்ந்து கிடந்தது. பிழிந்து பிழிந்து விரல் வலித்ததுதான் மிச்சம்.

ஹந்தானைக்கு ஏறினோம். வழி நெடுக, “வாங்க மாப்ள, கொறட்டை எப்பிடி இருக்குங்க?” என்று விசாரிக்காத ஆளில்லை. அவர் எல்லாருக்கும், “ஓம், பரவாயில்ல” என்று சொல்லிச் சொல்லியே சிவந்துபோனார்.

பூசாரி தோட்டத்து லொறி ஓட்டுகிறவர். தப்பு அடிக்க அடிக்க அவருக்குச் சாமி வந்துவிட்டது. ஆடிக்கொண்டே போத்தலைப் பறித்தார், அண்ணாந்து ஊற்றினார். நெஞ்சு எரியும் என்று முகத்தைச் சுளித்து வைத்திருந்தவர், எரியாததைக் கண்டு அப்படியே நின்றார். ஆட்டம் நின்றது. போத்தலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு மிடறு. தப்படிக்கிறவர்களும் என்னவோ ஏதோ என்று கையை நிறுத்திவிட்டார்கள்.

“மனசு குளுந்துருச்சு!” என்றது சாமி. “இம்புட்டு வருசத்துல எவனும் இப்பிடிக் குடுக்கலடா! நேந்தவ எங்க? வா முன்னாடி!”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்தி என்றா நினைக்கிறீர்கள்? பெருமை! போய்க் கையேந்தினேன். உள்ளங்கையில் தீர்த்தம் போல ஊற்றினார். அம்மா பக்கத்திலேயே கைகூப்பி நின்றது. கண்ணில் ஒற்றிக்கொண்டு விட்டிருக்கலாம். உதட்டில் தொட்டுக்கொண்டும் விட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? பழக்கம் விடுமா? கண்ணை மூடி, வாய்க்குள் வைத்து நாலு பக்கமும் உருட்டி, மெல்ல விழுங்கி, நாக்கை ஒரு சொடக்குப் போட்டு, சத்தமாகச் சொன்னேன்:

“தேசிக்கா பத்தல.”

தப்புச் சத்தம் இல்லாத அந்த நேரம் பார்த்து. மலைக்கே கேட்டிருக்கும்.

கண்ணைத் திறந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை. முதன்முதலாகக் குடிக்கிற பொம்பளை மூச்சு முட்டி இருமுவாள், தேசிக்காய் போதவில்லை என்று சொல்லமாட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியாதா? கூப்பிய கையைப் பிரித்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, லயத்துப் பக்கம் இறங்கி நடந்தது. படையல் ரொட்டியை மாப்பிள்ளை கையில்தான் கொடுத்தனுப்பியது.

அந்த வாரம் எனக்கு நரகம். அழைத்தால் எடுக்கும், “ம்” என்று வைத்துவிடும். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். போத்தல்களை எல்லாம் பெட்டியில் அடுக்கி, கொண்டுபோய் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் அழுதேன். “அவசரப்படாதையும். ஞாயிறு வரட்டும்” என்றார். ஞாயிறு வந்தது. அம்மா வருகிற பஸ் நேரம் வந்தது, போனது. சோற்றை ஆக்கிவிட்டுச் சாப்பிடத் தோன்றாமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் தம்பி வீட்டுக்குப் போகாத வருஷங்களை நினைத்தேன். அந்தக் கணக்கில் இனி நானும் ஒருத்தி.

பிறகு படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

அம்மா உள்ளே வந்தது. தோளில் கொழுந்துச் சாக்கு மாதிரி நிறைத்துக் கட்டிய பை. மேசையில் கவிழ்த்தது. தேசிக்காய்! லயத்துக்குப் பின்னால் அம்மா வைத்த மரத்துக் காய். பச்சைப் பசேலென்று, சாறு முட்ட முட்ட, உருண்டு கீழேயெல்லாம் விழுந்தது.

“பத்தலன்னியே” என்றது.

அம்மா கதிரையை இழுத்து மேசைக்கு எதிரே போட்டு, காலை நீட்டாமல், நிமிர்ந்து உட்கார்ந்தது.

“எடு. என் முன்னாடி ஊத்து. ஒங்கப்பன் எம்புட்டு ஊத்துனான்னு நா ஒரு நாளும் பாக்கல. பயந்துகிட்டு அடுப்படியிலயே கெடந்துட்டேன். நீ எம்புட்டு ஊத்துறேன்னு நா பாக்கணும்.”

பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தேன். கணவர் கதவோரம் மூச்சுக்கூட விடாமல் நின்றார். இருமல் மருந்து மூடியில் கோடு வரைக்கும் ஊற்றி, ஜாம் போத்தலில் விட்டேன். அம்மா குனிந்து அந்த மூடியைப் பார்த்தது. மூடியைக் கையில் வாங்கி, தலைகீழாகத் திருப்பி, உள்ளே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தாம்மா. ரெண்டு பேருக்கும் சேத்து.”

“அடிப் பாவி!” என்று மூடியை மேசையில் வைத்தது அம்மா. “இதுக்கா நா ஒரு வாரமா சோறு திங்காம கெடந்தேன்?”

பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்துத் தேசிக்காய் வெட்ட உட்கார்ந்தது.