அஞ்சு நிமிஷத்துல டாக்டர் வந்துடுவார்

ஆம்பூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். தோல் தொழிற்சாலை மெஷினில் கை நசுங்கிய ஒருவரை அவருடைய தம்பி தூக்கி வந்தார். ரத்தத்தை நிறுத்திக் கட்டுப்போட்டேன். டாக்டர் வேறொரு ஆபரேஷனில் இருந்தார்.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்" என்றேன். எப்போது வருவார் என்று எனக்கே தெரியாது. வாய்க்குப் பழகிய பொய். மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காவது முறை சொன்னதும் தம்பி, "இன்னா சிஸ்டர், எத்தினி அஞ்சு நிமிஷம்?" என்று கத்தியபடி குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கி என் முகத்தில் அடித்தார். இரண்டு பற்கள் தரையில் விழுந்தன. போலீசில் புகார் கொடுத்தேன். ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

ஆனால் இப்போது காத்திருப்பவர்களிடம், "எப்ப வருவார்னு தெரியாது. ரத்தம் நின்னுடுச்சு, நான் இங்கயேதான் இருக்கேன்" என்கிறேன். திட்டுகிறார்கள். திட்டட்டும். யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.