ரொக்ஸ்பரோ வீட்டு உறுதி யார் பெயரில்?

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, வீடு வாங்கப் போகிறவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வராது என்பார்கள். சென்ற ஆண்டு பங்குனியில் எனக்குப் பயத்தில்தான் தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. அந்த நாட்களில் ஆண்டவர் எனக்குச் செய்ததைத்தான் சொல்ல நிற்கிறேன்.

நானும் கணவரும் வேலை அனுமதியில் மொன்றியலுக்கு வந்தவர்கள். அவர் வெல்டிங் செய்கிறார், நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ரொக்ஸ்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். வாடகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில், கல்லடியில் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டை விற்றோம். எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அது போனபின் அந்தக் காசுதான் எனக்கென்று மிஞ்சியிருந்த கூரை. அதை முற்பணமாக வைத்து, அதே ரொக்ஸ்பரோவில் ஒரு சிறிய வீடு பார்த்தோம்.

எங்களுக்கு உதவ ஓர் ஊர்க்காரர் முன்வந்தார். பெயர் வேண்டாம், அண்ணை என்றே சொல்கிறேன். கனடாவில் குடியுரிமை பெற்றவர். நாங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் எங்களுக்குக் குளிர் ஜக்கெட் போட்டுவிட்டவர். சபையில் கண்ணீரோடு ஜெபிப்பவர். அவர் சொன்னார்: "வெளிநாட்டாக்கள் வீடு வாங்கேலாது எண்டு அரசாங்கம் தடை போட்டிருக்கு. இப்ப என்ட பேரில வாங்குவம். உங்களுக்கு இஞ்ச நிரந்தரமா இருக்க பிஆர் கிடைச்சதும் மறுகா மாத்தித் தாறன்."

கணவர் உருகிப்போனார். "அதை ஒரு கடுதாசியில எழுதித் தரச் சொல்லுங்களன்" என்று நான் கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அண்ணையிட்டக் கடுதாசி கேக்கிறதா? நாளைக்குச் சபையில அவர்ட முகத்தில எப்பிடி முழிக்கிற?"

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரனிடம் எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குவோம். ஊர்க்காரரிடம் கேட்டால் அது அவமரியாதை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வாயைத்தான் மூடினேன். மனம் ஓயவில்லை. வீடு பார்க்கப் போன இடத்தில், மேல் அறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று அண்ணை கையை நீட்டிக் காட்டினார். எங்கள் வீட்டில் இவர் ஏன் கட்டில் போடுகிறார்? ரொக்ஸ்பரோ வீட்டுக்கு உறுதிப்பத்திரம் எழுத, ஆற்றைக் கடந்து லொங்குய்யில் எதற்கு ஒரு நொத்தாரிசு? போன் அடித்தால் அண்ணை ஏன் வெளியே போய்க் கதைக்கிறார்? வீட்டை விற்கிற மனிதரையும் நான் விடவில்லை. பேஸ்மென்ட் சுவருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தார். எதை மறைக்கிறார்? கடைசியில் கணவரும் இதில் கூட்டோ என்று நினைக்கும் அளவுக்குப் போய்விட்டேன். ஒரு சகோதரியிடம் மனம் விட்டுச் சொன்னேன். சந்தேகம் பிசாசின் வேலை என்றார். அதன்பிறகு என்னையே நான் நம்பவில்லை.

குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். "அப்பா, இந்தச் சந்தேகம் பாவமென்றால் என்னை விட்டு எடுத்துப்போடும். நீர் தந்ததென்றால் என் கண்ணுக்கு முன்னால் உண்மையைக் காட்டும்" என்று ஜெபித்தேன். அவர் எடுக்கவில்லை. ஜெபிக்க ஜெபிக்க அது கூடியது.

நொத்தாரிசு முதல் தடவை கூப்பிட்ட நாளில், கணவரைக் கூட்டிப்போக அண்ணை காரோடு வந்தார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு பின் சீற்றில் ஏறிவிட்டேன்.

"தங்கச்சிக்கு அங்க ஒரு வேலையும் இல்லையே" என்றார்.

"சும்மா வாறன் அண்ணை, பாலத்தைப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்றேன்.

நொத்தாரிசு ஒரு பிரெஞ்சுப் பெண். அண்ணையோடு பிரெஞ்சில் கதைத்துச் சிரித்தார். எனக்குக் கோப்பி தந்தார். இப்படி உபசரிக்கிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை. இவரும் கூட்டுத்தான் என்று முடிவுகட்டி, கோப்பியைத் தொடாமல் உள்ளுக்குள் ஜெபித்தபடி இருந்தேன். திடீரென்று அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் கேட்டார்: "மடாம், இந்த வீட்டுக்கு நீங்கள் யார்?"

கேட்டது என் ஆண்டவர் என்றுதான் இன்றும் நம்புகிறேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா தந்த வீட்டின் காசு இது என்று, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நொத்தாரிசு எங்கள் வேலை அனுமதிகளைக் கேட்டார். அவை என் கைப்பையில் இருந்தன. வாசித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: தடை இருப்பது உண்மை. ஆனால் எங்கள் அனுமதி முடியப் போதிய காலம் இருப்பதால் நாங்களே ஒரு வீடு வாங்கலாம். அண்ணை பெயரில் எழுதினால் சட்டத்துக்கு அது அண்ணையின் வீடு. நாளைக்கு அவருக்கு ஏதும் நடந்தால் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்.

கணவர் தலையை நிமிர்த்தினார். "அண்ணை, இது உங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு நல்லது செய்ய வந்தனே, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்றபடி அண்ணை எழுந்து போய்விட்டார். நாங்கள் மெட்ரோ பிடித்துத் திரும்பினோம். வழி முழுக்கக் கணவர் என் கையை விடவில்லை.

எங்கள் பெயரில் வங்கிக் கடன் சரிவரும் வரை விற்கிற மனிதர் வேறு யாருக்கும் கொடுக்காமல் பொறுத்தார். அந்தச் சுவரை ஆள் வைத்துச் சோதித்தேன். பெயின்ற்றுக்குப் பின்னால் நல்ல சுவர்தான் இருந்தது. ஆடியில் உறுதி எழுதினோம். என் பெயர் முதலில், கணவரின் பெயர் அடுத்து. தேவனுக்கே மகிமை!

அண்ணை எங்களை ஏமாற்ற நினைத்தாரா, அவருக்கே சட்டம் தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போது வேறு சபைக்குப் போகிறார். அவருக்காக ஜெபிக்கிறேன். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தேன், இப்போது மனதார.

ஒன்று மாறியிருக்கிறது. முன்பு சந்தேகத்தை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்குவேன். இப்போது முதலில் ஆண்டவரிடம் சொல்கிறேன், பிறகு ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அவர் உங்களுக்கும் உண்மையைக் காட்டுவார், நம்புங்கள். இங்கே யாராவது இன்னொருவர் பெயரில் வீடு வாங்க யோசித்துக்கொண்டிருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து முழங்காலில் நிற்போம். எழுந்ததும் நானே உங்களை நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போவேன்.