தேரடி வீட்டின் ஷாக்

திருவள்ளூரில் தேரடிப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு, ஊருக்குக் கரண்ட் வருவதற்கு முன்னால் கட்டியது. பிற்பாடு யாரோ சுவரில் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் வயரை ஓட்டி, கூடத்தில் ஒரு பலகை, உள்ளறையில் ஒரு பலகை, அடுப்படியில் ஒரு பலகை என்று வைத்து, பித்தளை மூடி போட்ட உருண்டை ஸ்விட்சுகளைப் பொருத்தியிருந்தார்கள். ஸ்விட்சைத் தட்டினால் 'டொக்' என்று பக்கத்து வீட்டுக்கே கேட்கும். வீட்டில் யார் எப்போது எழுந்தார்கள் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்த விஷயமாக இருந்தது.

எழுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினார். காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவார். இரும்பை நூல் பிசகாமல் சீவுகிற மனுஷர், வீட்டில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்புவார். அதைச் சொன்னால் கோபம் வரும். நானும் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

அவருக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லா மெஷினையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மெஷினுக்கு அன்றைக்கு ஓய்வு. அந்த வழக்கத்தை அவர் அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். நமக்கு உழைக்கிறதில் கரண்டும் ஒன்று, அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்று மெயினை இறக்கினார். பன்னீரில் சந்தனத்தைக் குழைத்து, கூடத்திலும் உள்ளறையிலும் இருந்த ஸ்விட்சுகளுக்கும், ஃபியூஸ் கட்டைகளுக்கும், பலகைக்கும், கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி அப்பினார். அதன்மேல் குங்குமம். கிண்ணத்தோடு அடுப்படிக்கும் வந்தார். நான் வடை போட்டுக்கொண்டிருந்தேன். "எண்ணெ காயுது, அப்பறம் வாங்க" என்று விரட்டிவிட்டேன். வந்த மனுஷர் வடையைத் தின்றுவிட்டுச் சந்தனத்தை மறந்துவிட்டார்.

அன்று முழுக்க எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மெயினைத் தூக்கினார். எல்லா பல்பும் எரிந்தது. அவர் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன்.

சில நாளில் மழை பிடித்தது. பிடித்தால் விடாத ஐப்பசி மழை. முதலில் உள்ளறை ஸ்விட்சைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்தேன். அடுத்து கூடத்து ஸ்விட்சிலும் அதே எறும்பு. பிறகு பலகையிலிருந்து பொரி பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மழை வலுத்த ஒரு சாயங்காலம் ஃபியூஸ் போயே போய்விட்டது. அவர் புதுக் கம்பி கட்டினார். அதுவும் போனது.

மணவாள நகரிலிருந்து ஒரு வயர்மேனைக் கூட்டி வந்தோம். அவர் வயரை நகத்தால் சுரண்டினார், ரப்பர் உதிர்ந்தது. உத்தரத்தைப் பார்த்தார், எலி இருக்கிறதா என்று கேட்டார். எலி இல்லாத வீடு தேரடியில் ஏது? சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மொத்த வயரையும் மாற்றினால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டு, இன்னும் தடியான ஃபியூஸ் கம்பியைக் கட்டிவிட்டுப் போனார். வீட்டுச் சொந்தக்காரரோ, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு குறையும் சொன்னதில்லை என்று சாதித்தார்.

இந்த நிலையில்தான் அமாவாசைக்கு என் ஓரகத்தி வந்தார். என் வீட்டுக்காரருடைய பெரிய அண்ணனின் மனைவி, பெரம்பூரில் இருப்பவர். கோயில் குளத்தில் முழுகிவிட்டு ஈரக்கையோடு வந்து கூடத்து ஸ்விட்சைத் தட்டினார். போட்ட கூச்சலில் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி எங்கள் வாசலில் நின்றது. நல்லவேளை, கையை உதறிக்கொண்டதோடு போயிற்று. ஆனால் அவர் பெரம்பூருக்குத் திரும்பிய மறுநாளே அண்ணனிடமிருந்து ஆள் வந்துவிட்டது. அந்த வீட்டில் இனி இருக்க வேண்டாம், தங்கள் வீட்டிலேயே பின்பக்க அறையை ஒழித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசிவிடுவதாகவும் முடிவு.

என் வீட்டுக்காரருக்கு அப்பா இல்லை. அந்த அண்ணன்தான் வளர்த்து, வேலைக்கும் சேர்த்துவிட்டவர். அண்ணன் எதிரில் இவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை, மறுத்துப் பேசியும் பார்த்ததில்லை. "அண்ணன் சொல்றதும் கரெக்ட்டுதான். இந்த ஊட்டோட ஒரே பேஜாரா கீது" என்றார்.

எனக்குப் போக இஷ்டமில்லை. பெரம்பூரில் கல்யாணமான புதிதில் இருந்திருக்கிறேன். ஓரகத்தி கெட்டவர் இல்லை, ஆனால் அடுப்படி அவருடையது. காபிக்கு டிகாஷன் எப்போது இறக்கலாம் என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தேரடி வீட்டில் ஒழுகினாலும் என் அடுப்படி, புகைந்தாலும் என் அடுப்பு. இதையா என் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியும்? கிணற்றுத் தண்ணீர் இனிக்கிறது, ரயிலடிக்குப் போவது சுலபம், காய்கறி மலிவு என்று ஏதேதோ காரணம் அடுக்கினேன். எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு மருமகள் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை ஒரு காரணமாகச் சொல்கிற வழக்கம் அப்போது எங்கள் பக்கம் கிடையாது.

சனிக்கிழமை காலை அவர் வேலைக்குப் போனதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டுமென்றால், எதனால் போகிறோம் என்றாவது தெரிய வேண்டும். கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரிகிற அவருடைய டெஸ்டரை எடுத்தேன். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மரமுக்காலியில் ஏறினேன். டெஸ்டர் பிடிப்பது எப்படி என்று அவர்தான் எனக்குக் காட்டியிருந்தார், மற்றபடி ஒன்றும் தெரியாது. கூடத்து ஸ்விட்சின் பித்தளை மூடியில் வைத்தேன், டெஸ்டர் எரிந்தது. உள்ளறையிலும் எரிந்தது. அடுப்படிக்குப் போய் வைத்தேன், எரியவில்லை. மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தும் எரியவில்லை.

அங்கேதான் எனக்குக் குழப்பம். அதே வயர், அதே வயசு. ஈரம் என்றால் அடுப்படியில்தான் அதிகம். எலி என்றாலும் அங்கேதான் குடித்தனம். சுவரும் வயரும் குற்றம் செய்திருந்தால் முதலில் அடுப்படி ஸ்விட்ச் அல்லவா கடித்திருக்க வேண்டும்? ஒன்றும் புரியாமல் கூடத்துக்கு வந்து, மறுபடி முக்காலியில் ஏறி, ஸ்விட்சுக்குப் பக்கத்திலிருந்த மரப்பலகையில் டெஸ்டரை வைத்தேன். மரத்தில் கரண்ட் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். டெஸ்டர் மங்கலாக எரிந்தது. அதன் முனை, மழைக்காற்றில் நசநசவென்று ஊறிப்போயிருந்த சந்தனத்தின் மேல், குங்குமப் பொட்டின் நடுவில் இருந்தது.

அடுப்படி ஸ்விட்சுக்குத்தான் அவர் சந்தனம் வைக்கவே இல்லையே! முக்காலியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மெயினை இறக்கினேன். இறக்கினாலும் அதற்கு மேலே வருகிற வயரில் கரண்ட் இருக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டிருந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை. பித்தளை மூடிகளைத் திருகிக் கழற்றினேன். உள்ளே எங்கள் வருஷத்துச் சந்தனம் மட்டுமில்லை. மஞ்சளும் சிவப்புமாக அடை அடையாகப் பழைய சந்தனமும் இருந்தது. இந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் கரண்டைச் சும்மா விட்டு வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அப்பியது அதையெல்லாம் ஒன்றாக இணைத்துவிட்டது போலிருக்கிறது. ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவில் ஒரு பாலமே கட்டியிருந்தது. கொண்டை ஊசியால் சுரண்டி, உலர்ந்த வேட்டித் துணியால் துடைத்து, கும்முட்டி அடுப்பில் கரி போட்டுப் பக்கத்தில் வைத்துக் காய விட்டேன். சாமி குற்றமாகிவிடுமோ என்று ஒரு பயம் இருந்தது. 'பெரம்பூர் போகாமல் காப்பாற்று, எவ்வளவு வேண்டுமானாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்' என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் வந்தபோதும் மழை பெய்துகொண்டிருந்தது. ஸ்விட்சைத் தொடச் சொன்னேன். முடியாது என்றார். நானே தொட்டுக் காட்டினேன். பிறகு அவரும் தொட்டார். சுரண்டி எடுத்ததையெல்லாம் ஒரு வாழையிலையில் வைத்திருந்தேன், காட்டினேன். ஒரு மாதத்துக்குக் கேலி செய்யலாம் என்று காலையிலிருந்து வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"நான் வெச்சதாலயா?"

"நீங்க மட்டுமா? முன்ன இருந்தவங்களும்தான் வெச்சிருக்காங்க."

அவர் அந்த இலையைக் கொண்டுபோய்க் கிணற்றடி செம்பருத்தியின் வேரில் கொட்டிவிட்டு வந்தார்.  ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.  சரியானது ஸ்விட்ச் மட்டும்தான், அண்ணன் சொல் அப்படியே இருந்தது.

மறுநாள் அண்ணனும் ஓரகத்தியும் வந்தார்கள். ஓரகத்தி எந்தச் சுவரையும் தொடாமல் கூடத்தின் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன். வீட்டுச் சொந்தக்காரரைப் பார்த்து இப்போதே சொல்லிவிடலாம், கிளம்பு என்று அண்ணன் சொல்வது கேட்டது.  அப்புறம் இவர் குரல்.

"ஊட்டு மேல தப்பு இல்லண்ணா. நாந்தான் ஸ்விட்சு மேல சந்தனத்தப் பூசிட்டேன். அவ கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டா."

ஓரகத்தி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. சரி, அது போகட்டும், இருந்தாலும் பழைய வீடு, நாலு பேரோடு இருந்தால் நல்லதுதானே, அங்கே என்ன குறை என்று கேட்டார். டம்ளரைக் கீழே வைத்தேன். கிணற்றுத் தண்ணீர், ரயிலடி, காய்கறி என்று நான் அவரிடம் அடுக்கிய காரணங்களில் ஒன்றைச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஒரு கொறையும் இல்லண்ணா," என்றார். "அவளுக்கு இந்த ஊடு புடிச்சிருக்குது."