எதை மூடச் சொன்னார்

வெள்ளிக்கிழமை காலை மணி பத்து இருபது. ராகுகாலம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. சித்தப்பா கேஸ் குழாயின் திருகைத் திறந்தது அப்போதுதான்.

சித்தப்பா சில வருடங்கள் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும், மயிலாடுதுறை போகும் சாலையில் இருந்த எங்கள் வீட்டு வாசலிலேயே கடை போட்டுப் புகையில் வெந்த கோழி விற்றார். அதற்கென்று ஒரு அடுப்பைப் பட்டறையில் சொல்லிச் செய்திருந்தார். படுக்கவைத்த எண்ணெய் டிரம், அதற்கு மேலே தூக்கித் திறக்கும் கனத்த மூடி, பக்கவாட்டில் ஒட்டிய ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியில் கரி எரியும். சூடும் புகையும் டிரம்முக்குள் போய்க் கோழியை மெல்ல வேகவைத்துவிட்டு மறுமுனைப் புகைபோக்கியில் வெளியேறும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், கோழிக்குச் சாம்பிராணி போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு வாங்கியும் போவார்கள்.

மழை பிடித்ததும் கரி நமத்துப்போனது. அடுப்பு சூடேறுவதற்குள் இரண்டு பஸ் போய்விடும். கேஸுக்கு மாற்றிவிடுவது என்று சித்தப்பா முடிவு செய்து, அடுப்பைக் கொல்லைக்கு நகர்த்தினார். பெட்டியிலிருந்த கம்பித் தட்டைக் கழற்றிவிட்டு, டீக்கடை அடுப்பு பர்னர் ஒன்றை உள்ளே உட்காரவைத்தார். பெட்டியில் ஓட்டை போட்டு ரப்பர் குழாயை நுழைத்தார். எங்கள் வீட்டு சிலிண்டர் கொல்லைக்கு வந்தது. அம்மா வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள். அப்பா செய்தித்தாளை மடிக்காமலே, அவனுக்குத் தெரியாததா என்றார்.

வெள்ளிக்கிழமை வீட்டில் கறி கிடையாது. அதனால் அன்று அடுப்பைப் பற்றவைத்துப் பூஜை மட்டும், ஞாயிற்றுக்கிழமை வியாபாரம். பத்தரைக்குள் பற்றவைத்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறையில் இருந்த எனக்கு ஊதுபத்தி கொளுத்தும் வேலை. பூஜை விளக்கில் ஒரு கொத்தையே கொளுத்தி வந்து செங்கல் சந்தில் செருகியிருந்தேன். அந்த மணத்தில் வேறு எந்த வாடையும் தெரிந்திருக்காது.

திருகைத் திறந்ததும் உள்ளே சீறும் சத்தம் கேட்டது. ஆரம்பித்தாயிற்று, இனி ராகு ஒன்றும் செய்ய முடியாது என்று சித்தப்பா சிரித்தார். ஆனால் தீப்பெட்டி ஈரம். ஒவ்வொரு குச்சியாக மருந்து உதிர்ந்தது. கடைசிக் குச்சியை எறிந்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

"மூடிடு பாப்பா. தோ, கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

நான் மூடினேன். திறந்து நின்ற டிரம்மின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினேன். அவ்வளவு கனத்தை நான் தனியாகத் தூக்கியது அதுதான் முதல் தடவை. சத்தமில்லாமல் இறக்கியதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்களிடம் வெறுமனே மூடு என்று நான் சொல்வதில்லை. கதவை மூடு, குழாயை மூடு, பாத்திரத்தை மூடு என்று முழுதாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போய்ப் பார்க்கவும் செய்கிறேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று அவர்கள் கேலி செய்கிறார்கள்.

சித்தி கொல்லைக்கு வந்தாள். முத்துப்பேட்டைக்காரி. கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. நான் படுப்பதும் உண்பதும் அவளோடுதான். பூஜை விளக்கிலேயே கற்பூரத்தைப் பற்றவைத்துத் தட்டில் ஏந்தி வந்தாள். நேரம் போய்விடும், தீபத்தையாவது காட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

"யாரு மூடுனது?"

"நான்தான் சித்தி. சித்தப்பா மூடச் சொன்னாங்க."

"இத்தாம் பெருச நீயா மூடுன? கெட்டிக்காரிதான். தள்ளி நில்லு, கரி ஒட்டிக்கும்."

ஒரு கையால் மூடியைத் தூக்கினாள். மறுகையில் கற்பூரம்.

பெரிய சத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி நினைவில்லை. போர்வையை உதறினால் வருமே, அது மாதிரி ஒரு சத்தம். பிறகு சித்தியின் நைலக்ஸ் புடவை. அதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தது. கல்யாணமாகிச் சில வருடங்களே ஆன பெண் தீப்பட்டால் விசாரணை உண்டு என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கேஸைத் திறந்தது நான்தான் என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்லி அழுதார். மூடச் சொன்னதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் சித்தியின் வாயருகே குனிந்து கேட்டுக் கேட்டு எழுதினார். கதவோரம் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த எனக்கு அவள் சொன்னது கேட்டது.

"கேஸத் தொறந்தது நான்தாங்க. பக்கத்துல யாரும் இல்ல."

வலியில் சித்திக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். நான் திருத்தவில்லை. திருத்தினால் அடி விழும்.

சித்தியின் அப்பா வெளியூர் போயிருந்ததால் மறுநாள் மதியம்தான் வந்து சேர்ந்தார். அரைமணி நேரம் மகளிடம் தனியாக இருந்தார். சாயங்காலம் சித்தி போய்விட்டாள். மாப்பிள்ளை மேல் சந்தேகம் உண்டா என்று போலீஸ்காரர் கேட்டதற்கு, அவள் அப்பா இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கூட வந்திருந்த சொந்தக்காரர்கள் அவரோடு சண்டைக்கு நின்றார்கள். அவர் வராந்தாவில் என்னைத் தேடி வந்து, என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, நேத்து நீ கொல்லையிலயே இல்ல. உள்ள தூங்கிட்டிருந்த. யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும். எத்தினி வயசானாலும் சரி, உனக்கு நீயே கேட்டுக்கிட்டாலும் இதத்தான் சொல்லிக்கணும்."

சரி தாத்தா என்றேன். நான் கொல்லையில் இருந்தது பாவம் அவருக்குத் தெரியவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.