வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில்

டீச்சர் இருந்தார். சோறு ஆக்கும் அக்கா பின்பக்கம் உலை வைத்துக்கொண்டிருந்தாள். சன்னலை ஒட்டி பாத்திமா. அவளுக்குப் பக்கத்தில் நான். எங்களுக்குப் பின்னால் கருப்பசாமி, வழக்கம்போல வாய் மூடாமல். அவனுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் ஒரு வரிசை. சுவரில் அந்த வெளிச்சம் அடித்தபோது அறைக்குள் இருந்தவர்கள் இவ்வளவுதான்.

தீப்பெட்டி வேலையிலிருந்து கூட்டி வந்த பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஓர் ஊர். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் அங்கே படித்தது கொஞ்ச காலம்தான். படித்ததில் மறக்காமல் இருப்பது டீச்சர் செய்து காட்டிய சோதனைகள். புத்தகத்தை அவர் அதிகம் திறக்க மாட்டார். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மருந்து முக்காத தீக்குச்சி ஒன்றை மிதக்க விட்டு, ஓரத்தில் ஒரு சொட்டு விடுவார். வட்டம் வட்டமாக அலை போகும். குச்சி எழும்பும், இறங்கும், இருந்த இடத்திலேயே இருக்கும். "அலைதான் போகுது, தண்ணி போகல" என்பார். பால் டப்பா வாயில் பலூனை இழுத்துக் கட்டி, மேலே ரவையைத் தூவி, பக்கத்தில் நின்று கத்தச் சொல்வார். ரவை குதிக்கும். கருப்பசாமி கத்தினால் ரவை தரையில் கிடக்கும். "ஏலே, ஒன்னய வெடியாபீசுல விட்டா திரியே வேண்டாம்லே" என்று டீச்சரே சிரிப்பார். காலண்டர் அட்டை மூன்றில் ஓட்டை போட்டு வரிசையாக நிறுத்தி, அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி ஏற்றுவார். ஒரு அட்டை நகர்ந்தாலும் சுடர் தெரியாது. வெளிச்சம் வளையாது என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குப் பிடித்தது சாயங்காலச் சோதனை. கம்பெனிகளில் புது வெடியைச் சேம்பிள் விட்டுப் பார்க்கும் நேரம். தூரத்தில் வானத்தில் பூ விரியும். சத்தம் பிறகுதான் வரும். வெளிச்சம் கண்டதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும், சத்தம் கேட்டதும் நிறுத்த வேண்டும், வந்ததை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். முதலில் டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னார். பிறகு அது தேவைப்படவில்லை. நாங்கள் எல்லோரும் கட்டை அடுக்கியவர்கள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாகச் செருகும் வேலை அது. கை ஒரே சீராகப் போகும். அந்தக் கையால் தொடையில் தட்டி எண்ணினோம். கடிகார முள்ளோடு சரியாக நின்றது. கருப்பசாமி ஒருநாள் பாத்திமாவை ஜெயிக்க ஒன்றைக் கூட்டிச் சொன்னான். அன்றைக்குத்தான் டீச்சர் கோபப்பட்டார். "எண்ணுறதுல பொய் சொன்னா அப்புறம் சோதனை எதுக்குலே?"

அன்று வெளிச்சம் வந்தது பகலில், சோற்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். வேறு ஊர்ப் பிள்ளைகளாயிருந்தால் அலறியிருக்கும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. "சேம்பிள் டீச்சர்!" என்று கத்தினான் கருப்பசாமி. எல்லோரும் தொடையில் தட்ட ஆரம்பித்தோம். டீச்சரும் உதட்டில் எண்ணினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். ஆறாவது தட்டில் சத்தம் வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்து அடங்கியது. சன்னலில் தெற்கே கரும்புகை.

தெற்கே ஒரே ரோட்டில் இரண்டு வெடிக் கம்பெனி. இரண்டு கிலோமீட்டரில் ஒன்று. மூன்றாவது கிலோமீட்டரில் இன்னொன்று, லைசென்ஸ் போய்ப் பூட்டிக் கிடந்தது. என் அம்மா வேலை பார்த்தது கிட்ட இருந்ததில்.

"ஒன்பது" என்றார் டீச்சர்.

"ஆறு டீச்சர்" என்றாள் பாத்திமா.

"எண்ணத் தெரியலியா ஒனக்கு? ஒன்பது. மூணு கிலோமீட்டரு. பூட்டிக் கெடக்கிற கம்பெனி. பழைய சரக்கு ஏதோ வெடிச்சிருக்கு, ஆளு யாரும் இல்ல. உக்காருங்க."

நான் எழுந்து கதவுக்குப் போனேன். அதற்குள் அவர் தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். வெளியே ரோட்டில் ஆட்கள் ஓடும் சத்தம். நான் அவர் கையைக் கடித்தேன். அவர் நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வெடி கேட்டது. அதை யாரும் எண்ணவில்லை.

சாயங்காலம் சித்தி வந்து கூட்டிப் போனாள். முதல் வெடியில் அம்மாவுக்குக் காலில்தான் காயம். தூக்கி வந்து சுற்றுச்சுவர் ஓரம் படுக்க வைத்திருக்கிறார்கள். "எம்புள்ள வந்துட்டாளா" என்று இரண்டு தடவை கேட்டாளாம். தண்ணீர் கொடுத்த பெண் சொன்னாள். தண்ணீர் எடுக்க மறுபடியும் குழாய்க்குப் போனதால் அவள் பிழைத்தாள். இரண்டாவது வெடியில் சுவர் சரிந்தது.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இப்போது காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை. எனக்கும் ஒரு மகள். எங்கே சத்தம் கேட்டாலும் கம்பெனியில் எல்லோரும் போனை எடுப்பார்கள். நானும் எடுப்பேன்.

போன ஆடியில் இருக்கன்குடி கோயில் திருவிழாவில் டீச்சரைப் பார்த்தேன். தலை முழுக்க நரை. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். ஆற்று மணலில் பக்கத்தில் உட்கார வைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். மகளைப் பற்றிக் கேட்டார்.

"அன்னைக்கு எனக்கும் ஆறுதான்" என்றார்.

"தெரியும் டீச்சர்."

"கதவத் தெறந்திருந்தா ஒங்கம்மா மொகத்தயாவது பாத்திருப்ப."

"பாத்திருப்பேன்."

"கோவம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்" என்றேன். அவர் தலையசைத்தார். அவருக்கு அது புதிதாக இல்லை. மகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். டீச்சர் அவள் தலையைத் தடவினார்.

"அந்தச் செவத்து ஓரம் எத்தன பேரு?" என்று கேட்டார். "நான் பேப்பர் பாக்கல. இன்னைக்கு வரைக்கும் யார்ட்டயும் கேக்கல."

படுத்துக் கிடந்தவர்கள், தூக்கப் போனவர்கள், ரோட்டிலிருந்து ஓடிப் போய் நின்றவர்கள். எல்லோரையும் சேர்த்துச் சொன்னேன்.

பதினொன்று.