வேரை விட்டுவைத்த மாரியம்மன்

கடந்த ஆடியில் என் வலது கீழ்த்தாடை வீங்கி, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. நான் குமராட்சி – சிதம்பரம் மினிபஸ்ஸில் கண்டக்டர். ஒரு கை கம்பியில், ஒரு கை டிக்கெட்டில் இருக்கும். விசிலைப் பிடிக்க உதடுதான்.

சிதம்பரம் பல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, ஞானப்பல்லின் வேர் உதட்டு நரம்பை ஒட்டியே இருக்கிறது, முழுதாகப் பிடுங்கினால் கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு உணர்ச்சி திரும்புவதே இல்லை என்றார். விசில் வாயில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரியாதவன் எப்படிப் பஸ்ஸை நிறுத்துவான்? படியில் கால் வைக்கும் பிள்ளைத்தாய்ச்சியை எப்படிக் காப்பான்?

அன்றே எங்கள் ஊர் மாரியம்மன் முன்னால் நின்றேன். எந்த உறுப்பில் நோவோ அதை வெள்ளித் தகட்டில் செய்து உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். “தாயே, பல்ல வேரோட எடுத்துடு. ஒதட்ட மட்டும் எனக்கு உட்டுடு. வெள்ளிப் பல்லு போடறேன்” என்று அழுதேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா வேறு வழி சொன்னார். மேல்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, நரம்பைத் தொடாதபடி வேரை எலும்புக்குள்ளேயே விட்டுத் தையல் போட்டுவிடலாமாம். எனக்குச் சுருக்கென்றது. வேரோடு எடு என்றல்லவா வேண்டினேன்? அம்மன் காதில் விழவில்லையோ என்று மருகினேன். என் மனைவி செல்விதான் அதட்டினாள்.

“ஒனக்கு வேண்டியது வேரா, ஒதடா? அத மொதல்ல சொல்லு.”

ஒப்புக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தும் உதடு கட்டையாகவே இருந்தது. மரப்பு ஊசியின் வேகம் இறங்க நேரமாகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மனசு கேட்கவில்லை. விசிலை எடுத்து உதட்டில் வைத்தேன். ஊதக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு, சும்மாதான் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அம்மனை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி வைத்தேன். உதட்டில் சில்லென்றது. அழுதுவிட்டேன்.

இன்று பழையபடி வண்டியில் இருக்கிறேன். அம்மனைக் கும்பிடாமல் முதல் விசில் ஊதுவதில்லை. வேரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். தொந்தரவு கொடுத்தால் பிறகு எடுக்க வேண்டிவரலாம் என்கிறார்கள். எனக்குப் பயம் இல்லை. நேர்ந்துகொண்ட வெள்ளிப் பல்லையும் செலுத்திவிட்டேன். நகை செய்யும் பத்தர் அதை வேரோடுதான் செய்து கொடுத்தார்; அப்படியே போட்டேன்.

உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அவளிடம் போய் அழுங்கள், எல்லாவற்றையும் கொட்டுங்கள். எப்படித் தீர்க்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.